எதை முதலில் மாற்றுவது: கீபோர்டையா, வாட்ஸ்அப்பையா?

தனியுரிமை என்று பேச்செடுத்தாலே, "சரி, வாட்ஸ்அப்புக்குப் பதிலா எதைப் போடறது?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். கடைசியாக வர வேண்டிய கேள்வி அது. வாட்ஸ்அப்பை நீங்கள் ஒருவர் நினைத்து விட்டுவிட முடியாது. அபார்ட்மெண்ட் குழு, பள்ளிக்கூடக் குழு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் அதில்தான் வருகின்றன. எடுத்த எடுப்பில் அங்கே போய் மோதிவிட்டு, "இதெல்லாம் நமக்கு ஒத்துவராது" என்று மொத்தத்தையும் கைகழுவியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நான் பிரித்துக்கொள்வது இப்படி. யாரையும் கேட்காமல் நீங்களே மாற்றிக்கொள்ளக் கூடியவை சில: கீபோர்டு, பிரவுசர், பாஸ்வேர்டு வைக்கும் இடம். வீட்டில் இரண்டொருவரோ அலுவலகத்தில் நாலு பேரோ ஒத்துக்கொண்டால் நடக்கக் கூடியவை சில: ஆவணங்கள், போட்டோக்கள், மின்னஞ்சல். ஊரே சேர்ந்து நகர்ந்தால்தான் உண்டு என்பது மூன்றாவது வகை. முதல் வகையை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் முடித்துவிடலாம். வேடிக்கை என்னவென்றால், உங்களைப் பற்றி மிக அதிகமாகப் பார்ப்பதும் அந்த முதல் வகைதான்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். திறமூலம் (ஓப்பன் சோர்ஸ், அதாவது நிரலை யாரும் பார்த்து எடுத்து மாற்றலாம்) என்றால் தனியுரிமை தானாக வந்துவிடும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். குரோமுக்கு அடிப்படையான குரோமியம் திறமூலம்தான். டெலிகிராமின் போன் செயலியும் திறமூலம்தான், அதன் சர்வர் அப்படி இல்லை. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்கிற சின்ன லினக்ஸ் கருவிக்குள் யாரோ பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) வைத்தது வெளிவந்ததே, அதுவும் திறமூலத்துக்குள் நடந்ததுதான். பின்னே எதற்காகத் திறமூலத்தைத் தேட வேண்டும்? சிம்பிள் மொபைல் டூல்ஸ் கதையைப் பாருங்கள். கேலரி, தொடர்புகள், காலண்டர் என்று விளம்பரமில்லாத எளிய ஆண்ட்ராய்டு செயலிகளின் தொகுப்பு அது. 2023 கடைசியில் அதை உருவாக்கியவர் ஒரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். மூடிய மென்பொருளாக இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். மூலநிரல் வெளியே கிடந்ததால், பங்களித்து வந்தவர்களே அதை எடுத்து ஃபாசிஃபை என்ற பெயரில் தொடர்ந்தார்கள். பயனர்கள் பழைய செயலியை நீக்கிவிட்டுப் புதியதைப் போட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஒரு மென்பொருளை எடைபோடும்போது அது என்னைப் பற்றி எதைப் பார்க்கிறது என்று முதலில் கேட்பேன், அப்புறம் அதிலிருந்து எப்படி வெளியேறுவது என்று. திறமூலம் உதவுவது பெரும்பாலும் இரண்டாவது கேள்விக்கு.

நீங்களே மாற்றக் கூடியவை

கீபோர்டிலிருந்து தொடங்குவோம், யாரும் கவனிக்காத இடம் அதுதான் என்பதால். நீங்கள் தேடுவது, காதலிக்கு எழுதுவது, டாக்டரிடம் சொல்வது எல்லாம் அதன் வழியாகத்தான் போகிறது. செய்தியை எந்தச் செயலி எவ்வளவு பத்திரமாகப் பூட்டி அனுப்பினாலும், பூட்டுவதற்கு முன்பே கீபோர்டு அதைப் பார்த்துவிடுகிறது.

கூகுளின் கீபோர்டான ஜிபோர்டு நீங்கள் அடிப்பதையெல்லாம் கூகுளுக்கு அனுப்புகிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அது மூடிய மென்பொருள், இணைய அனுமதி உள்ளது, பயன்பாட்டு விவரங்களைப் பகிரும் ஸ்விட்சுகளும் அதன் அமைப்புகளில் இருக்கின்றன. நம்புவதைத் தவிர நமக்கு வேறு வழியில்லை. எதிர்ப்பக்கம் இரண்டு பேர்: ஹெலிபோர்டு, இண்டிக் கீபோர்டு.

ஹெலிபோர்டை எஃப்-டிராய்டில் (திறமூலச் செயலிகளுக்கான கடை) திறந்து, கீழே அனுமதிகள் பட்டியலைப் பாருங்கள். அதிர்வு, தொடர்புகள் என்று சில இருக்கும். இணையம் என்ற வரி இருக்காது. இணைய அனுமதியே கேட்காத செயலி, தானாக எதையும் வெளியே அனுப்ப முடியாது. ஆண்ட்ராய்டே தடுத்துவிடும். உங்கள் போனில் இப்போது இருக்கும் கீபோர்டுக்கும் இதைப் பார்க்கலாம். ஆனால் வழக்கமான அனுமதிப் பக்கத்தில் கேமரா, மைக் மாதிரியானவைதான் தெரியும். மேலே மூன்று புள்ளியைத் தட்டி எல்லா அனுமதிகளையும் திறந்தால்தான் இணைய அனுமதி கண்ணில் படும். எதற்காக அதை இவ்வளவு உள்ளே வைத்திருக்கிறார்கள் என்பதை நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

ஹெலிபோர்டில் தமிழ் உண்டு. ஆனால் 'amma' பாணியில் ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் வசதி இல்லை. விரலை இழுத்து எழுத வேண்டுமென்றால் வெளியிலிருந்து ஒரு மூடிய நூலகத்தைச் சேர்க்க வேண்டும். இண்டிக் கீபோர்டு கேரளத்தின் சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் வட்டாரத்திலிருந்து வந்தது. அதில் தமிழ்99, இன்ஸ்கிரிப்ட் என்ற விசைப்பலகை முறைகள், ஆங்கில எழுத்தில் அடிக்கும் ஒலிபெயர்ப்பு மூன்றும் உண்டு. இரண்டிலுமே சொல் பரிந்துரை ஜிபோர்டு அளவுக்கு வராது. தமிழ் அதிகம் அடிப்பவர், அதுவும் தமிழ்99 பழகியவர் என்றால் இண்டிக் கீபோர்டு. பெரும்பாலும் ஆங்கிலம், அவ்வப்போது நாலு வரி தமிழ் என்றால் ஹெலிபோர்டு.

பேசியே எழுதுகிறவர்களுக்கு என்ன செய்வது? எங்கள் வீட்டுப் பெரியவர்களில் பலர் இப்போது எதையும் தட்டுவதே இல்லை, மைக்கை அமுக்கிப் பேசிவிடுகிறார்கள். தமிழ்க் குரல் உள்ளீட்டில் ஜிபோர்டுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடிய திறமூல மாற்று என் கண்ணில் பட்டதில்லை. அவர்களிடமிருந்து அதைப் பிடுங்குவது நியாயமே இல்லை. ஆண்ட்ராய்டில் இரண்டு கீபோர்டுகளை வைத்துக்கொண்டு ஒரு தட்டில் மாற்றிக்கொள்ளலாம். பாஸ்வேர்டும் வங்கியும் ஒன்றில், பேத்திக்கு அனுப்பும் குரல் வரிகள் இன்னொன்றில்.

கணினியில் இதற்காக ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டாம். விண்டோஸில் தமிழ்99, அஞ்சல் (ஒலிபெயர்ப்பு முறை) இரண்டும் 2019 முதல் கூடவே வருகின்றன. விண்டோஸே மூடியதாக இருக்கும்போது அதன் கீபோர்டை மட்டும் சந்தேகப்படுவதில் பொருளில்லை. லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவி வழியாகத் தமிழ்99, ஒலிபெயர்ப்பு இரண்டும் கிடைக்கும். இ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளிலேயே கை பழகியவர்கள் அதிலேயே இருக்கலாம், அதுவும் திறமூலம்தான்.

பிரவுசரில் போட்டி குரோம், ஃபயர்ஃபாக்ஸ், பிரேவ் மூன்றுக்கும் இடையில். குரோம் 2024–25இல் தன் நீட்சிகளின் (எக்ஸ்டென்ஷன்) விதியை மாற்றியதில், விளம்பரங்களைத் தடுக்கும் யுபிளாக் ஆரிஜின் அதில் வேலை செய்யாமல் போனது. இப்போது குரோமில் கிடைப்பது அதன் மெலிந்த வடிவமான லைட் மட்டும். ஃபயர்ஃபாக்ஸில் முழு யுபிளாக் ஆரிஜின் ஓடுகிறது, முக்கியமாகப் போனிலும் ஓடுகிறது. ஆண்ட்ராய்டு குரோமில் நீட்சி என்ற பேச்சே கிடையாது. தமிழ்ச் செய்தித் தளம் ஒன்றைப் போனில் இரண்டிலும் அடுத்தடுத்துத் திறந்து பாருங்கள். ஒன்றில் தலைப்பைத் தேடிப் பிடிப்பதற்குள் இரண்டு விளம்பரத்தின் பெருக்கல் குறியைத் துரத்த வேண்டியிருக்கும்.

பிரேவ் குரோமியத்தில் கட்டியது. விளம்பரத் தடுப்பு உள்ளேயே வருகிறது, எதையும் சேர்க்க வேண்டாம். கூடவே கிரிப்டோ பர்ஸ், வெகுமதி என்று நமக்கு வேண்டாத சாமான்களும் வரும். நிறுவியதும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அணைக்க வேண்டும். 2020இல் சில கிரிப்டோ தளங்களின் முகவரியை அடித்தால் பிரேவ் தன் கமிஷன் குறியீட்டைச் சேர்த்துவிட்டது அம்பலமாகி, பிறகு திருத்திக்கொண்டார்கள். ஃபயர்ஃபாக்ஸ் மட்டும் என்ன, அதை உருவாக்கும் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி கூகுளிடமிருந்தே வருகிறது. 2025 பிப்ரவரியில் 'உங்கள் தரவை ஒருபோதும் விற்க மாட்டோம்' என்ற வாக்குறுதியைத் தங்கள் கேள்வி-பதில் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். இவ்வளவுக்குப் பிறகும் என் ஓட்டு ஃபயர்ஃபாக்ஸுக்குத்தான், குறிப்பாகப் போனுக்கு. குரோமில்தான் ஒழுங்காகத் திறப்பேன் என்று அடம்பிடிக்கும் அரசுத் தளங்களுக்காகப் பிரேவை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம்.

சோஹோவின் உலா பிரவுசர் பற்றிக் கேட்பார்கள். நம்ம ஊர் நிறுவனம், விளம்பர வியாபாரத்தை நம்பியிராத நிறுவனம், சரி. ஆனால் உலாவின் மூலநிரல் திறந்தது இல்லை. உள்ளூர்த் தயாரிப்பு வேண்டும் என்பது ஒரு தேவை, திறந்த நிரல் வேண்டும் என்பது இன்னொரு தேவை. முதலாவதுதான் உங்களுக்கு முக்கியம் என்றால் தாராளமாக உலாவை எடுங்கள்.

பாஸ்வேர்டுக்கு வருவோம். பிட்வார்டன், கீபாஸ்எக்ஸ்சி இரண்டும் திறமூலம், இரண்டும் நல்லவை, குணம்தான் வேறு. பிட்வார்டனில் உங்கள் பாஸ்வேர்டுகள் இருக்கும் பெட்டகம் பூட்டிய நிலையில் அவர்கள் சர்வரில் இருக்கும். போன், கணினி எல்லாவற்றிலும் இலவசக் கணக்கிலேயே தானாக ஒத்திசையும். 2022இல் லாஸ்ட்பாஸ் என்ற இன்னொரு பாஸ்வேர்டு சேவையில் நடந்த திருட்டில் வாடிக்கையாளர் பெட்டகங்களின் நகலே போனது. அதில் தள முகவரிகள் பூட்டப்படாமல் இருந்ததால், யார் எந்த வங்கியில் இருக்கிறார் என்பதுவரை தெரிந்துபோனது. பிட்வார்டன் முகவரிகளையும் சேர்த்தே பூட்டுகிறது. ஆனாலும் சர்வர் அவர்களுடையதுதான்.

கீபாஸ்எக்ஸ்சியில் சர்வரே இல்லை. உங்கள் பெட்டகம் ஒரே ஒரு கோப்பு. அதை எங்கே வைப்பது, எப்படி நகலெடுப்பது எல்லாம் உங்கள் பொறுப்பு. போனில் கீபாஸ்டிஎக்ஸ் அதே கோப்பைத் திறக்கும். கணினிக்கும் போனுக்கும் நடுவே கோப்பை ஒத்திசைக்கப் பலர் சிங்க்திங் என்ற கருவியை வைத்திருப்பார்கள். அதன் அதிகாரபூர்வ ஆண்ட்ராய்டு செயலி 2024 டிசம்பரோடு நிறுத்தப்பட்டது, இப்போது இருப்பது வேறு ஆட்கள் தொடரும் கிளை. காலையில் பஸ்ஸில் போனில் ஒரு பாஸ்வேர்டை மாற்றி, அது ஒத்திசையும் முன்பே அலுவலகக் கணினியிலும் ஒன்றைச் சேர்த்தால், சாயங்காலம் கோப்பு இரண்டாகி நிற்கும். கீபாஸ்எக்ஸ்சியில் இரண்டையும் இணைக்கும் வசதி இருக்கிறது. அதை உட்கார்ந்து செய்கிற ஆளா நீங்கள் என்பதுதான் விஷயம். பேக்கப் எடுப்பது ஏற்கெனவே பழக்கமாக இருப்பவருக்குக் கீபாஸ்எக்ஸ்சி, மற்ற எல்லாருக்கும் பிட்வார்டன். இரண்டிலும் முதன்மைப் பாஸ்வேர்டை மறந்தால் மீட்டுத் தர யாரும் இல்லை. அதை மட்டும் ஒரு தாளில் எழுதி பீரோவில் நகைப்பெட்டியோடு வைப்பதில் தப்பே இல்லை. வீட்டுக்குள் வந்து பீரோவை உடைக்கிற திருடன் உங்கள் மின்னஞ்சலுக்காக வரவில்லை.

ஓடிபி எண்களை உருவாக்கும் செயலிக்கு ஆண்ட்ராய்டில் ஏஜிஸ் போதும். பூட்டிய பேக்கப் கோப்பாக வெளியே எடுத்துவைக்கலாம்.

நாலு பேர் ஒத்துக்கொண்டால்

ஆவணங்களில் லிப்ரே ஆபிஸ், ஒன்லி ஆபிஸ் இரண்டையும் வைத்துப் பார்க்கலாம். 2010இல் ஓப்பன் ஆபிஸிலிருந்து பிரிந்து வந்ததுதான் லிப்ரே ஆபிஸ். பழைய ஓப்பன் ஆபிஸ் இன்னமும் இணையத்தில் கிடைக்கிறது, பெயர் பழக்கத்தால் அதை இறக்குகிறவர்களும் இருக்கிறார்கள், வேண்டாம். ஒன்லி ஆபிஸின் முகம் மைக்ரோசாஃப்ட் வேர்டைப் போலவே இருக்கும், வேர்டு கோப்புகளைக் கலைக்காமல் திறப்பதில் பெயர் வாங்கியது. ஆங்கிலக் கோப்புகள் போய் வந்துகொண்டிருக்கும் அலுவலகத்துக்கு அதைத்தான் சொல்வேன்.

தமிழ் எழுதுகிறவர்களுக்கு லிப்ரே ஆபிஸ். அதன் ஒரு குணத்தை மட்டும் முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். தமிழை அது ஆங்கிலத்திலிருந்து வேறாக, 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்ற கணக்கில் வைக்கிறது. ஸ்டைலைத் திறந்து எழுத்துருவையும் அளவையும் மாற்றுவீர்கள், ஆங்கில வரிகள் மட்டும் மாறும், தமிழ் அப்படியே நிற்கும். அதே பெட்டியில் தமிழுக்கான எழுத்துரு தனியாக இருக்கிறது, அங்கேயும் மாற்ற வேண்டும். மொழி அமைப்பில் அந்த வகைக்கான இயல்பு மொழியைத் தமிழ் என்று ஒரு தடவை வைத்துவிட்டால் பாதி எரிச்சல் குறையும்.

பழைய கோப்புகள் தனிச் சங்கடம். வானவில், பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பை லிப்ரே ஆபிஸில் திறந்ததும் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் குவிந்து கிடக்கும். "பாத்தியா, இலவசம்னா இப்படித்தான்" என்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வேர்டிலும் அதே குப்பைதான் வரும். அது யூனிகோடே (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) அல்ல, ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தியது. எந்த மென்பொருளுக்கு மாறுவதாக இருந்தாலும் முதலில் அந்தக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுவதுதான் வேலை. டிடிபி கடைகளில் இது இன்னமும் தீராத தலைவலி.

போட்டோவில் எனக்குத் தனியுரிமையைவிடத் தொலைந்துபோகும் பயம்தான் பெரிது. கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1 முதல் வரம்பில்லா இலவசத்தை நிறுத்தியது. 15 ஜிபி தீர்ந்ததும் எல்லாரும் மாற்றுத் தேடுகிறார்கள். பெங்களூரில் தொடங்கிய என்டே, படங்களை உங்கள் போனிலேயே பூட்டித்தான் மேலே அனுப்புகிறது. முகம் பார்த்துத் தேடும் வேலையும் உங்கள் கருவியிலேயே நடக்கிறது. சர்வர் உட்பட நிரல் திறந்தது. ஓரளவுக்கு மேல் இடம் வேண்டுமானால் காசு கொடுக்க வேண்டும். இம்மிச் என்பது உங்கள் வீட்டுக் கணினியிலேயே ஓட்டுவது. பார்க்க கூகுள் போட்டோஸைப் போலவே இருக்கும், மாதச் சந்தா இல்லை. ஆனால் கரண்ட் போவதும் ஹார்டு டிஸ்க் சாவதும் உங்கள் தலையில். டிஸ்க் ஒன்றே ஒன்று என்றால் இம்மிச் பக்கமே போகாதீர்கள். வீட்டில் இதைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இல்லாத வரை என்டேதான்.

மின்னஞ்சலில் எல்லாரும் சொல்வது புரோட்டான். ஸ்விட்சர்லாந்து நிறுவனம், 2014இல் தொடங்கியது, செயலிகள் திறமூலம். இங்கே அதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. 2024 பிப்ரவரியில் சென்னைப் பள்ளிகளுக்கு வந்த வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல்களை ஒட்டி, அதை முடக்கச் சொல்லித் தமிழ்நாடு போலீஸ் கேட்டது. 2025 ஏப்ரலில் வேறொரு வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றம் புரோட்டான் மெயிலை முடக்க நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ஆகவே வங்கிக்கும் வருமான வரிக்கும் கொடுத்த முகவரியை அங்கே கொண்டுபோக நான் சொல்ல மாட்டேன். செலவழிக்க முடிந்தால் சொந்தமாக ஒரு டொமைன் (இணைய முகவரிப் பெயர்) வாங்கி, முகவரியை அதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இருக்கும் நிறுவனத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், முகவரி மாறாது.

இயங்குதளம் பற்றி இரண்டு வரி. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. 11ஐ ஏற்காத பழைய மடிக்கணினி வீட்டில் இருந்தால் லினக்ஸ் மின்ட் போடுங்கள். பிரவுசரும் ஆவணமும்தான் வேலை என்றால் வித்தியாசமே தெரியாது. கடையில் டேலி ஓடும் கணினியில் மட்டும் கை வைக்காதீர்கள். போனில் வேறு ஆண்ட்ராய்டைப் போடும் ஆசை இருந்தால், யுபிஐயும் வங்கிச் செயலிகளும் அதில் ஓடுகின்றனவா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். பல ஓடாது.

ஊரே நகர வேண்டியது

இப்போது வாட்ஸ்அப். முதலில் ஒரு தப்பான எண்ணம் போக வேண்டும்: டெலிகிராம் வாட்ஸ்அப்பைவிடப் பத்திரமானது என்பது. சினிமா இறக்கவும் டிஎன்பிஎஸ்சி நோட்ஸ் எடுக்கவும் அது வசதி, மறுக்கவில்லை. ஆனால் டெலிகிராமின் சாதாரண உரையாடலில் எண்ட்-டு-எண்ட் மறையாக்கம் (அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாத பூட்டு) கிடையாது, ரகசிய உரையாடல் என்று தனியாகத் திறந்தால்தான் உண்டு. குழுக்களில் அதுவும் இல்லை. வாட்ஸ்அப்பில் 2016 முதல் எல்லா உரையாடலுக்கும் இருக்கிறது, அதுவும் சிக்னல் என்ற இன்னொரு செயலியின் மறையாக்க முறையை எடுத்துத்தான் கட்டினார்கள். வாட்ஸ்அப்பின் குறை வேறு இடத்தில். நீங்கள் என்ன பேசினீர்கள் என்பது தெரியாவிட்டாலும், யாரோடு, எப்போது, எவ்வளவு அடிக்கடி என்பதெல்லாம் அதன் உரிமையாளரான மெட்டாவின் கைக்கு எட்டும். நிரலும் மூடியது.

சிக்னலில் செயலியும் சர்வரும் திறமூலம். 2016இல் அமெரிக்க நீதிமன்றம் ஒரு பயனரின் விவரம் கேட்டபோது அவர்களால் கொடுக்க முடிந்தது இரண்டே தேதிகள்: கணக்கு தொடங்கியது, கடைசியாக இணைந்தது. வேறெதையும் சேர்த்து வைக்கவில்லை. சேர போன் எண் இன்னமும் வேண்டும், ஆனால் 2024 முதல் எண்ணைக் காட்டாமல் பயனர்பெயர் கொடுத்தே பேசலாம்.

சோஹோவின் அரட்டை என்ற செயலி 2025 செப்டம்பர், அக்டோபரில் ஒரே ஓட்டமாக ஓடியது. அப்போது அதில் அழைப்புகளுக்கு மட்டும்தான் எண்ட்-டு-எண்ட் இருந்தது, செய்திகளுக்கு அப்புறம்தான் வந்தது. நிரல் திறந்ததல்ல. உள்ளூர்த் தயாரிப்பு என்பதற்காக எடுப்பவர்கள் எடுக்கலாம். வாட்ஸ்அப்பை விடும் காரணம் தனியுரிமை என்றால், சிக்னலைத் தாண்டி அரட்டைக்குப் போக எனக்குக் காரணம் தெரியவில்லை.

ஆனால் எல்லாரையும் சிக்னலுக்கு இழுக்க முயலாதீர்கள். தினமும் பேசுகிற மூன்று நாலு பேர் போதும்: கணவன் அல்லது மனைவி, அண்ணன், நெருங்கிய நண்பன். ஆஸ்பத்திரி ரிப்போர்ட், சொத்துப் பத்திரம், வீட்டுச் சண்டை எல்லாம் அந்த நாலு பேரோடுதான் வருகிறது. காலை வணக்கம் படங்கள் வாட்ஸ்அப்பிலேயே இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் ஒன்று மட்டும் செய்யுங்கள்: அமைப்புகளில் சாட்ஸ், சாட் பேக்கப் போய் எண்ட்-டு-எண்ட் பேக்கப்பை இயக்குங்கள். அது இயல்பாக அணைந்தே இருக்கும். அணைந்திருக்கும் வரை கூகுள் டிரைவில் கிடக்கும் உங்கள் பேக்கப்புக்கு அந்தப் பூட்டு கிடையாது. உங்கள் தங்கை போனிலும் அதைப் போட்டுக் கொடுங்கள், அவள் பேக்கப்பிலும் நீங்கள் எழுதியதுதான் இருக்கிறது.